எச்சரிக்கை எந்த மொழியில் விடுக்கப்பட்டது?

சென்னைத் துறைமுகத்தில் இருந்த எங்கள் அலுவலகத்தில் விபத்து விசாரணைக்கென்று ஒரு படிவம் இருந்தது. நாற்பத்தொரு கேள்விகள். பெரிய கப்பல்களை மனத்தில் வைத்து யாரோ தயாரித்தது. கப்பல் எந்த நாட்டுக் கொடியின் கீழ் ஓடியது, புகைபோக்கிகள் எத்தனை, விபத்து நேர்ந்தபோது தலைமைப் பொறியாளர் எங்கே இருந்தார், கம்பியில்லாத் தந்திக் கருவி வேலை செய்ததா என்றெல்லாம் கேட்கும். எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே சுருக்கெழுத்துத் தட்டச்சராகச் சேர்ந்தேன். நிஜமான கப்பல்கள் மோதிக்கொண்டால் விசாரிப்பதற்குப் பெரிய அதிகாரிகள் இருந்தார்கள். ஏரியிலும் கால்வாயிலும் ஆள் ஏற்றிப் போகிற படகுகள் கவிழ்ந்தால் அந்தக் காகிதம் எங்கள் பிரிவுக்கு வரும். படிவம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

எங்கள் பிரிவு என்பது இரண்டு பேர். ஓர் அதிகாரி, நான். அதிகாரி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இருபது வருஷம் சரக்குக் கப்பலில் இருந்துவிட்டுக் கரையேறியவர். உலகத்துத் துறைமுகங்களில் பாதியைப் பார்த்த மனிதருக்கு, கழி ஊன்றித் தள்ளுகிற படகின் புகைபோக்கிக் கணக்கைக் கேட்டு எழுதுவதில் உள்ளூர ஒரு கசப்பு இருந்தது. ஆனாலும் ஒரு கேள்வியைக்கூட விடமாட்டார். 'புகைபோக்கிகள்: இல்லை' என்று சொல்லி எழுத வைப்பார். நான் கும்பகோணம். கப்பல் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மகாமகக் குளத்தில் விட்ட காகிதக் கப்பல்தான்.

ஆனால் எனக்கு ஒரு திமிர் உண்டு. சாட்சி எந்தத் தமிழில் பேசினாலும் அதை நான் நல்ல தமிழாக்கிவிடுவேன். 'வந்துகினு இருந்தேன்' என்றால் 'வந்துகொண்டிருந்தேன்'. 'கீது' என்றால் 'இருக்கிறது'. சென்னைக்கு வந்து ஒரே வருஷத்தில் இந்தப் பக்கத்துப் பேச்சு அத்துபடியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதிகாரிக்கு அது சுத்தமாக வராது. சாட்சி ஏதாவது சொன்னதும் என் பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்றான்?" என்பார். நான் சொல்வேன். அவர் தலையாட்டுவார். அதற்குப் பிறகு அரசாங்கம் முழுவதும் அதை நம்பும்.

ஒரு தை மாதத்தில் பழவேற்காட்டிலிருந்து காகிதம் வந்தது. பழவேற்காட்டுக் கரையிலிருந்து பசியாவரத்துக்கு ஆள் ஏற்றிப்போன படகு காலையில் கவிழ்ந்திருந்தது. படகில் இருந்தவர்கள் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பிய பெண்கள், வெளியூர் ஆள் ஒருவர். அவர் திருப்பாலைவனத்துக்காரர். புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிறவர். அந்த ஏரியில் பெரும்பாலான இடத்தில் மார்பளவுதான் தண்ணீர். முகத்துவாரத்தை நோக்கிப் போகிற ஓடை மட்டும் ஆழம். படகு அந்த ஓடையின் விளிம்பில் போய்க்கொண்டிருந்தபோது பலகை விட்டுப்போய்த் தண்ணீர் ஏறியது. பெண்கள் எல்லோரும் ஆழமில்லாத பக்கமாகக் குதித்துவிட்டார்கள். ஒரு பக்கத்துப் பாரம் போனதும் படகு மறுபக்கமாகப் புரண்டது. புடவைக்காரர் ஓடைக்குள் விழுந்தார். மூட்டைக் கயிறு தோளோடு கட்டியிருந்தது. படகோட்டி முங்கி முங்கித் தேடி அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். உயிர் இல்லை.

விசாரிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஆபத்து என்று படகோட்டி முன்கூட்டியே சொன்னாரா, இல்லையா? சொன்னார் என்றால் விபத்து. சொல்லவில்லை என்றால் கவனக்குறைவு. லைசன்ஸ் போகும், போலீஸ் கேஸாகும், ஜெயிலுக்குக்கூடப் போகலாம். அந்தப் படகைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பு இல்லை என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள்.

ஏரிக்கரையில் மீனுக்கு ஐஸ் போடுகிற கொட்டகையில் விசாரணையை வைத்துக்கொண்டோம். ஒரு மரைக்காயர் கடையிலிருந்து பெஞ்சு வந்தது, கேட்காமலே டீயும் வந்தது. முதலில் பெண்களை விசாரித்தோம்.

"ஏன் குதிச்சீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"சொன்னாரு, குதிச்சோம்."

"என்ன சொன்னார்?"

அந்தப் பெண் அதிகாரியின் தோளுக்கு மேலாக ஏரியைப் பார்த்தாள். கொட்டகையின் பின்பக்கம் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. "அதான்... சொன்னாரே" என்றாள்.

அடுத்தவளும் 'அதான்' என்றாள். அதற்கடுத்தவளும் அதையேதான் சொன்னாள். எல்லோரும் ஏரியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். படகோட்டியைக் காப்பாற்றுவதற்காகக் கூடிப் பேசி வைத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று மட்டும் தீர்மானிக்காமல் வந்துவிட்டார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. 'சாட்சி விவரம் கூற மறுத்தார்' என்று வரிசையாக எழுதினேன்.

கடைசியாகப் படகோட்டி வந்தார். நாற்பது வயதிருக்கும். விசாரணைக்காக யாரிடமோ சட்டை வாங்கிப் போட்டிருந்தார். அது தோளில் பிடித்ததால் கையைத் தூக்க முடியாமல் நின்றார். படகு எப்போது கிளம்பியது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதெல்லாம் உரக்கத்தான் சொன்னார். தண்ணீர் ஏறின இடத்துக்கு வந்ததும் குரல் கீழே போய்விட்டது. ஏரிப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே ஏதோ சொன்னார்.

"என்னம்மா சொல்றான்?"

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "தண்ணீர் ஏற ஏறச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்கிறார் சார்."

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

படகோட்டி இன்னும் தாழ்ந்த குரலில் அதையே சொன்னார். சிரிச்சினு இருந்தேன். எனக்குச் சந்தேகமே இல்லை. 'சிரிச்சினு இருந்தேன்' என்றால் 'சிரித்துக்கொண்டிருந்தேன்'. சுருக்கெழுத்தில் அது மூன்று கோடு. "அதேதான் சார்" என்றேன்.

எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'தண்ணீர் ஏற ஏற நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் குதித்துவிட்டனர். அவர் மட்டும் அமர்ந்திருந்தார்.' சரியா என்று கேட்டேன். "சரிதாம்மா" என்றார். எழுத்துத் தமிழில் வேகமாக வாசித்தால் எவரும் சரி என்றுதான் சொல்வார்கள். கோயிலில் அர்ச்சகர் சொல்வதற்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லையா, அந்த மாதிரி. கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டேன்.

படிவத்தில் இருபத்தேழாவது கேள்வி இப்படி இருக்கும்: 'ஆபத்து குறித்துப் பயணிகளுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டதா? ஆம் எனில், எந்த மொழியில்?' பல தேசத்து ஆட்கள் ஏறுகிற கப்பலுக்கான கேள்வி. 'இல்லை. பொருந்தாது' என்று தட்டச்சு செய்தேன்.

அதிகாரி அறிக்கையின் வரைவைச் சொல்லச் சொல்ல எழுதினேன். லைசன்ஸை நிரந்தரமாக ரத்து செய்யலாம், மேல் நடவடிக்கைக்குப் போலீஸுக்கு அனுப்பலாம். அவர் வழக்கமாக இவ்வளவு கடுமையாகச் சொல்கிறவர் இல்லை. "ஒருத்தன் முங்கறான், இவன் சிரிக்கறான்" என்று இரண்டு நாள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த ஆளின் மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்தது. தட்டச்சு இயந்திரத்தின் மேல் காட்டினேன்.

விதிப்படி வாக்குமூலத்தின் நகல் ஒன்று இறந்தவர் வீட்டுக்குப் போகவேண்டும். போயிற்று. பத்து நாள் கழித்து இறந்தவரின் மனைவி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். காகிதத்தை எட்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். அதிகாரியிடம் போகாமல் நேரே என் மேசைக்கு வந்தாள்.

"இத எழுதுனது யாருங்க?"

"நான்தான்."

"பக்கத்து வூட்டு வாத்தியார் படிச்சுச் சொன்னாரு. சிரிச்சினு இருந்தேன்னு அவனே சொன்னானா?"

"ஆமாம்."

"அவன் வாயால?"

"அவர் வாயாலதான்."

நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அந்தப் பக்கம் ரெண்டாவது வாட்டிதாங்க போனாரு. மொத வாட்டி போய்ட்டு வந்து, நல்ல ஜனங்க, சிரிச்ச முகம்னு சொன்னாரு" என்றாள். பிறகு, "நான் அவன ஒரு தடவ பாக்கணும். எப்டி சிரிச்சான்னு கேக்கணும். கேட்டுட்டு வந்துடுவேன்" என்றாள்.

அதற்கு விதியில் இடமில்லை என்று சொல்லியிருக்கலாம். அதிகாரி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். விபத்து நடந்த இடத்தின் ஆழத்தை இன்னும் அளக்கவில்லை, பத்தொன்பதாவது கேள்வி காலியாக இருக்கிறது, வருகிற புதன்கிழமை போகிறோம், வேண்டுமானால் அந்தக் கொட்டகைக்கு வரட்டும் என்றார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

புதன்கிழமை போனோம். திருப்பாலைவனத்தில் பஸ் நின்றபோது அந்தம்மா ஏறினாள், எங்களுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். பழவேற்காட்டில் அவளைக் கொட்டகையில் உட்காரவைத்துவிட்டு, ஆழம் அளக்க வேறொரு படகில் ஏறினோம். அந்தப் படகை ஓட்டியது ஒரு வயதானவர். படகு சும்மா போகக்கூடாது என்று மூன்று மீன்காரப் பெண்களும் ஏறிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி என்னிடம் 'அதான்' என்று சாட்சி சொன்னவள். அதிகாரி மடியில் கோப்பு, என் மடியில் சுருக்கெழுத்து நோட்டு, நடுவில் ஆழம் பார்க்க முடிச்சுப் போட்ட கயிறு.

பாதித் தூரம் போயிருப்போம். பின்னால் கழி போட்டுக்கொண்டிருந்த பெரியவர், "சிரிக்கிது" என்றார்.

யார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. என்னைச் சொல்கிறாரோ என்று தோன்றியது. ஏதோ வேடிக்கை பேசுகிறார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் பட்டணத்துக்காரி என்று நினைப்பார்களே என்று நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன். அதிகாரியும் சிரித்தார். எங்கள் இருவருக்கும் என்ன விஷயம் என்று தெரியாது.

"சிரிக்கிது, சிரிக்கிது" என்றார் பெரியவர் மறுபடி, சத்தத்தை ஏற்றாமல்.

பெண்கள் கூடைகளைத் தண்ணீரில் விட்டெறிந்துவிட்டு ஒவ்வொருத்தியாகக் குதித்தார்கள். அதுவும் எனக்கு விசேஷமாகப் படவில்லை. தரை தட்டினால் அந்த ஊர்க்காரர்கள் இறங்கித் தள்ளுவார்கள். வெளியூர்க்காரர்கள் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். வரும்போதே ஒருமுறை அப்படி ஆகியிருந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன். சிரித்த முகத்தை அப்படியே வைத்திருந்தேன். கால் நனைகிறதே என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"யம்மா! சிரிக்கிதுன்றேன், இன்னா குந்தினு கீற!"

'அதான்' சாட்சி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நான் தலைகுப்புற ஏரிக்குள் போனேன். எழுந்து நின்றபோது தண்ணீர் மார்பு வரை இருந்தது. இன்னொருத்தி அதிகாரியை இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இறக்கினாள். இருபது வருஷம் கப்பலில் இருந்தவர் கோப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். கோப்பு நனையவில்லை. படகு எங்கள் கண் முன்னால் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து நிரம்பியது.

"யார் சிரிச்சது?" என்று கேட்டேன். முதலில் அதைத்தான் கேட்டேன்.

அவள் என் காதருகில் வந்து, "படவுதான்" என்றாள். நிரம்பிக்கொண்டிருந்த படகின் வயிற்றைக் காட்டினாள். பஞ்சும் குங்கிலியமும் அடைத்திருந்த இடுக்கு விட்டுப்போய், இரண்டு பலகைகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. "பலக வாயத் தொறந்துச்சுன்னா சிரிக்கிதும்போம். தண்ணி மேல வந்து ஓட்டன்னு சொல்லலாமா? தண்ணி கேட்டுகினு கீது இல்ல? சிரிக்கிதுன்றதயும் அதுக்குக் கேக்கற மாதிரி சும்மா சொல்லமாட்டோம்."

எங்கள் ஊரிலும் செருப்பின் முன்பக்கம் பிளந்துகொண்டால் செருப்பு சிரிக்கிறது என்றுதான் சொல்வோம். தைக்கிறவரிடம் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கையில் செருப்போடு நின்றுகொண்டு அதை நினைத்துப் பார்த்தேன். அந்தப் படகோட்டி உதட்டுக்குள் சொன்னது அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. அவர் 'சிரிச்சினு இருந்தேன்' என்று சொல்லவில்லை. 'சிரிக்கிதுன்னு இருந்தேன்' என்று சொல்லியிருக்கிறார். சிரிக்கிறது, சிரிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஏரிக்குக் கேட்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்தியதைக் குற்றமுள்ள நெஞ்சு என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. முகம் முழுக்க ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாரும் கேட்கவில்லை.

"சார்" என்றேன். "அவர் சிரிக்கலை சார். படகு சிரிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கார். நான் தப்பா எழுதிட்டேன்."

அதிகாரி கோப்பை இறக்கவில்லை. "நான் எத்தனை தடவை கேட்டேன்?"

"ரெண்டு தடவை சார்."

"ரெண்டு தடவை" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்தே கரைக்கு வந்தோம். 'அதான்' சாட்சி தன் புடவை ஒன்றை எனக்குக் கொடுத்தாள். அதிகாரிக்கு மரைக்காயர் கடையிலிருந்து கட்டம் போட்ட லுங்கி வந்தது. அரசாங்கத்தின் இரண்டாவது விசாரணை மீன் வாசனைப் புடவையிலும் லுங்கியிலும் தொடங்கியது. படகோட்டியைக் கூப்பிட்டனுப்பினோம். அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். புடவைக்காரரின் மனைவி கொட்டகைச் சுவரோரம் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்று அவளிடம் சொன்னேன். அதிகாரி சொல்லச் சொல்லவில்லை. "அம்மா, அந்தக் காகிதத்துல இருக்கிறது என் தப்பு. இவர் சிரிக்கலை. படகுல பலகை விட்டா இவங்க 'சிரிக்குது'ன்னு சொல்வாங்களாம். அதைச் சொல்லி எச்சரிச்சிருக்கார். நான்தான் இவர் சிரிச்சதா எழுதிட்டேன்."

அவள் படகோட்டியைப் பார்த்து, "நீ சிரிக்கலியா?" என்றாள்.

"இல்லம்மா. சாமி சத்தியமா இல்ல. அப்டியா எழுதியிருந்துச்சு?" என்று என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிகிறது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அவர் கைரேகை வைத்திருந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். "நீங்க நல்லாத்தாம்மா படிச்சீங்கோ" என்றார்.

அதிகாரி புதிய தாள் எடுக்கச் சொன்னார். முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். இந்தத் தடவை நான் எதையும் நல்ல தமிழாக்கவில்லை, சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். பலகை விட்டது, திரும்பத் திரும்பச் சொன்னது, பெண்கள் குதித்தது எல்லாம் ஆயிற்று. பிறகு அதிகாரி லுங்கியை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"இப்ப நான் கேக்கறதை யோசிச்சுப் பதில் சொல்லு. நீ சொன்னது அந்த மனுஷன் காதுல விழுந்ததா இல்லையான்னு நான் எழுதணும். விழுந்துச்சுன்னா நீ எச்சரிச்சது ருசுவாகுது. உன் மேல ஒண்ணும் இல்லை, லைசன்ஸும் அப்படியே இருக்கும். விழலைன்னா, கேக்கற மாதிரி சொல்லலைன்னுதான் நான் எழுத முடியும். புரியுதா?"

"புரியுது சார்."

"காலையில எங்களுக்கும் இதே ஆச்சு. அந்தப் பெரியவர் 'சிரிக்குது'ன்னதும் நான் சிரிச்சேன். இந்தம்மாவும் சிரிச்சாங்க. அதனால கேக்கறேன். நீ சொன்னதும் அவர் சிரிச்சாரா?"

படகோட்டி ஐஸ் பெட்டிப் பக்கம் பார்த்தார். அந்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். பின்பக்கம் தண்ணீர் கொட்டகைக் காலில் அடித்துக்கொண்டிருந்தது.

"இல்ல சார்" என்றார் படகோட்டி. "யாரும் சிரிக்கல. காத்துல அவருக்குக் கேக்கல போல."

"நிச்சயமா?"

"கேக்கல சார்."

அந்தம்மா தலையை ஆட்டினாள். "அவருக்குக் காத்து அடிச்சா காது கேக்காதுங்க" என்றாள். எட்டாக மடித்த காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இது வேணாங்க" என்றாள்.

அதிகாரி பேனாவை மூடினார். போலீஸுக்கு அனுப்புகிற பத்தியை அடித்துவிடச் சொன்னார். லைசன்ஸை ஒரு வருஷத்துக்கு நிறுத்திவைப்பது என்று முடிவு. அதற்குக் குறைவாக அவராலும் எழுத முடியவில்லை. இருபத்தேழாவது கேள்விக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். 'ஆம். அவ்வூர்த் தமிழில்' என்று எழுதச் சொன்னார். எனக்குக் கவனக்குறைவுக்கான மெமோ ஒன்று கொடுத்தார். அது இன்றைக்கும் என் பணிப் பதிவேட்டில் இருக்கும். அது எனக்கு வேண்டியதுதான்.

பஸ் வரும்வரை படகோட்டி எங்களோடு வந்து நின்றார். அதிகாரி கடையில் லுங்கியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார். அந்தம்மா தூரத்தில் மரத்தடியில் நின்றிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"படவுல நீங்க சிரிச்சீங்கோளாமே?" என்றார்.

"ஆமாம்."

"அந்தப் பொடவைக்காரரும் அப்டிதாம்மா. ஒரு வாட்டி சொன்னேன், என்னப் பாத்து சிரிச்சாரு. மறுபடி சொன்னேன், அதுக்கும் சிரிச்சாரு. பொம்பளைங்க எல்லாம் குதிச்சாங்கோ, அதப் பாத்தும் சிரிச்சாரு. இவரும் குதிப்பாருன்னு நானு கழிய வுட்டுட்டுப் பாத்துனே கீறேன், படவு பொரண்டுச்சு. நல்ல மனுசன்மா. யாரு இன்னா சொன்னாலும் சிரிப்பாரு போல."

"அதை உள்ள சொல்லியிருந்தா லைசன்ஸ் போயிருக்காதே. சார்தான் அவ்வளவு விளக்கமாச் சொன்னாரே. ஏன் சொல்லலை?"

"அந்தம்மா எதிர்க்கயா?" என்றார். "நான் எப்டி சிரிச்சேன்னு கேக்கணும்னுதான வந்துச்சாம். சிரிச்சது அது வூட்டுக்காரருன்னு எப்டிம்மா சொல்றது?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம். அந்தம்மா எனக்கு இரண்டு இருக்கை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி பக்கத்தில்தான் இருந்தார், ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாளை மறுபடி எடுப்பார். திருப்பாலைவனம் வரைக்கும் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் இறங்கிப் போனாள். நான் சொல்லவில்லை. மறுநாள் அலுவலகத்தில், நல்ல தமிழில், பிழையில்லாமல், 'படகில் இருந்தவர் எவரும் சிரிக்கவில்லை' என்று மூன்று படி எடுத்துத் தட்டச்சு செய்தேன். அந்தக் கோப்பில் தெரிந்தே நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் அந்தப் பக்கம் போக ஆறேழு வருஷம் ஆகிவிட்டது. எண்பதுகளின் நடுவில் வேறொரு படகு விஷயமாகத் தனியாகப் போனேன். அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார், படிவம் ஓய்வு பெறவில்லை. கரையில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த படகில் அந்தப் படகோட்டிதான் கழியோடு நின்றிருந்தார். மீன்காரப் பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர் ஆட்கள் மூன்று பேரை மட்டும் ஏறவிடாமல் மணலில் நிறுத்தி வைத்திருந்தார். என்னையும் அவர்களோடு நிறுத்தினார். அடையாளம் தெரியவில்லை என்று நினைத்தேன். தெரிந்துதான் நிறுத்தினார் என்று பிறகு தெரிந்தது.

தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னார்: "நல்லாக் கேட்டுக்கோங்க. கரையிலதான் சொல்லுவேன், அங்க போயிச் சொல்லமாட்டேன். நடுவுல நான் 'சிரிக்கிது'ன்னு ஒரு வார்த்த சொன்னா, எல்லாத்தையும் வுட்டுட்டு, பொம்பளைங்க குதிக்கிற பக்கமாக் குதிச்சிடணும். யாரு, இன்னான்னு கேக்கக்கூடாது."

எங்களில் ஒருவர் முழுக்கால் சட்டை போட்ட வாலிபர், கையில் தோல் பை. அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தியும் அது அடங்கவில்லை.

படகோட்டி கோபித்துக்கொள்ளவில்லை. கட்டிய கயிற்றை அவிழ்க்கப் போனவர் கையை எடுத்துவிட்டு, அந்த வாலிபர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொள்கிற வரைக்கும் நின்றார். பிறகு மறுபடி முதலிலிருந்து சொன்னார்.